நானூறு இடுக்கு

“உங்க மூணு பேர்ல ஒருத்தர் இந்த வேலியைத் திருடியிருக்கீங்க” என்றார் எஸ்தர்.

வேலி கண்ணெதிரே நின்றது. கொடைக்கானல் சரிவில், விடுதியின் எல்லை நெடுக, இருநூறு அடி நீளம், நானூற்றொரு மரப்பலகை. முனீஸ் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “இங்கதான மேஸ்திரி நிக்குது” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

எஸ்தர் மரவேலியும் மரத்தளமும் கழுவி, ஸ்டெயின் என்னும் மரச்சாயம் அடித்துக் கொடுப்பவர். நாற்பது வயது. முனீசும் சகாயமும் அவருடைய ஆட்கள். மூன்றாமவர் ஆறுமுகநயினார், ஐம்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருடம் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, மரத்தொழில் கற்க மலையேறி வந்த சீடர். ஒரு சுவரைப் பார்த்ததும் சதுர அடி சொல்லிவிடுவார். டேப் பிடித்தால் இரண்டு அடிகூடப் பிசகாது. அந்தக் கண்ணை நம்பித்தான், போன சித்திரையில் இந்த வேலிக்கு விலை பேச அவரை எஸ்தர் முதல்முதலாகத் தனியே அனுப்பினார்.

ஒரு மழைக்காலம் போயிருந்தது. நேராக நின்று பார்த்தால் பலகைகளின் தேன் நிறம் குறையவில்லை. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடுக்கு இருந்தது. அந்த இடுக்குகளின் இரண்டு விளிம்பிலும் ஸ்டெயினே படவில்லை. பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்தது. எஸ்தர் ஓர் இடுக்கில் விரலை விட்டு எடுத்தார். நகக்கண் வரை கரி அப்பியது.

விடுதிக்காரர் காலையிலேயே கூப்பிட்டுக் கத்தியிருந்தார். பள்ளத்தாக்கைப் பார்த்த மரத்தளத்துக்கும் அவர் இவர்களிடம்தான் விலை கேட்டிருந்தார். மதியத்துக்குள் வேலிக்கு ஒரு பதில் வராவிட்டால் மரத்தளத்துக்கு வேறு ஆள் வருவான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நயினார் முன்னால் வந்தார். இடுக்கு வேலை யார் கையில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், இதில் விசாரணை எதற்கு என்றார். வேலைக்கள்ளனை வைத்துக்கொண்டு தொழில் செய்தால் பெயர் கெடும், சகாயத்தை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் நான், ஒருவன் கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார்.

சகாயத்தின் காது சிவந்தது. வத்தலக்குண்டிலிருந்து பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிவந்து பத்து நாள்தான் ஆகிறது. மகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தான். இந்தக் கூலி நின்றால் திரும்ப மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“நீயா விட்டே?” என்று கேட்டார் எஸ்தர்.

“நான்தான் மேஸ்திரி.”

“கேட்டுக்கிட்டீங்களா” என்றார் நயினார்.

எஸ்தர் அவர் பக்கம் திரும்பவில்லை. “எத்தனை நாள் குடுத்தாங்க?”

“முழு வேலிக்கும் அஞ்சு நாள்.”

யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. சுவரோரம் இருந்த வாளியையும் ஓர் அங்குல பிரஷையும் எடுத்துவந்து நயினாரிடம் நீட்டினார். முதல் இடுக்கைக் கழுவச் சொன்னார். ஒன்றே ஒன்று. முனீஸ் போனில் நேரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

இது சின்னப்பிள்ளை வேலை, இதற்கு நான் எதற்கு என்று முனகிக்கொண்டே நயினார் குந்தினார். பிரஷ் உள்ளே போனது, கை போகவில்லை. முழங்கை வேலியில் இடித்தது. தேய்க்கத் தேய்க்கச் சோப்புத்தண்ணீர் சட்டைக் கைக்குள் வழிந்தது. மேலே ஆணித்தலை ஒன்று விரல்முட்டியைக் கீறியது. அடிப்பக்கம் எட்டாமல் ஈரமண்ணில் மண்டியிட்டார். ஒரு விளிம்பு முடிந்தது. அடுத்த விளிம்புக்கு வேலியைச் சுற்றி மறுபுறம் போக வேண்டியிருந்தது. போனார். சகாயம் உதவிக்கு ஒரு எட்டு வைத்தான். எஸ்தர் கையைக் காட்டி நிறுத்தினார்.

நயினார் எழுந்தபோது மூச்சு வாங்கியது.

“பதினோரு நிமிசம்” என்றான் முனீஸ். “கழுவுனது மட்டும். காயணும், அப்புறம் ஸ்டெயின் இருக்கு.”

நயினார் அவனை முறைத்தார்.

“அண்ணாச்சி, விலை எழுதின தாள்ல இடுக்குக்கு என்ன போட்டீங்க?” என்றார் எஸ்தர்.

“கழிச்சேன்.”

“ஏன்?”

“அதுல மரம் ஏது? காத்துதான இருக்கு. சுவர்ல ஜன்னலைக் கழிச்சுத்தான் சதுர அடி சொல்றோம். அதே முறைதான். அப்படிக் கழிச்சதாலதான் பதினாறாயிரம் குறைஞ்சுது. அந்த மனுசன் அடுத்த நிமிசம் கை குடுத்தாரு. இல்லாட்டி இந்த வேலை உங்களுக்கு வந்திருக்காது.”

“ஜன்னலைக் கழிச்சிட்டா, ஜன்னல் சட்டத்தை யார் அடிக்கிறது?”

“அதுக்குத் தனி ரேட்டு உண்டுல்லா.”

“இதுக்கு?”

நயினார் பிரஷை வாளிக்குள் எறிந்தார். பிறகு குரல் ஏறியது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வேலை பார்த்தவன் அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும், வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான் என்று கேட்டார். விலை சொன்னவன் ஆயிரம் காரணத்துக்காகச் சொல்லியிருப்பான், பிரஷைப் பிடித்தவனுக்குப் புத்தி எங்கே போனது என்றார்.

சகாயம் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

“சொன்னேன் அண்ணாச்சி. ரெண்டாம் நாள் சாயங்காலம், இதே இடத்துல. இடுக்கு அடிச்சா இன்னும் ஒம்பது நாளாகும்னேன். ‘முன்னால நிக்கிறவன் கண்ணு இடுக்குக்குள்ள போகாது, நீ பலகை மூஞ்சிய மட்டும் அடி’ன்னீங்க.”

முனீஸ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மலையைப் பார்த்தான்.

பனிமூட்டம் சரிவிலிருந்து ஏறி வந்தது. நயினார் விரல்முட்டியில் கசிந்த ரத்தத்தை வேட்டி நுனியில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குள் விடுதிக்காரர் படியிறங்கி வந்துவிட்டார். வேலிக்கு என்ன பதில், மரத்தளத்துக்கு என்ன விலை, இரண்டையும் இப்போதே சொல்லுங்கள், எனக்கு நேரமில்லை என்றார்.

நயினாரின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. மரத்தளத்துக்கு எழுதிய தாள் அங்கே இருந்தது. எஸ்தர் அதை வாங்கிப் பார்த்தார். அதிலும் பலகைக்கு நடுவே உள்ள இடுக்கெல்லாம் கழிக்கப்பட்டிருந்தது. அவர் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, டேப்பைச் சகாயத்திடம் கொடுத்தார்.

“மேஸ்திரி” என்றார் நயினார். குரல் இறங்கியிருந்தது. “அப்ப நான் இவருக்கு என்ன சொல்லட்டும்?”

“மரத்தளத்துக்குச் சகாயம் விலை சொல்லுவான். வேலியை நீங்க உங்க கையாலயே சரிபண்ணிக் குடுங்க அண்ணாச்சி. இன்னும் முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது இடுக்கு இருக்கு.”