பழுப்புக் கொத்து

"இன்னும் எத்தனை மழைக்கு உங்க பின்னாலேயே கூடையத் தூக்கிட்டு அலையறதுங்க அம்மணி?" என்று கேட்டார் அங்கமுத்து.

கொல்லிமலையில் காளானை இனம்பிரிக்கத் தெரிந்தவள் குப்பாயி. அங்கமுத்து அவளைவிட மூத்தவர். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மலையேறி வந்து அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

குப்பாயி கூடையை அவரிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு ஓடையோர மரத்துக்கு நீங்களே போங்கண்ணா. நீங்களே பறிச்சு, நீங்களே ஆக்குங்க. நான் சாப்பிடறேன்."

மழை விட்டிருந்தது. ஓடையோரம் விழுந்து கிடந்த பலாமரத்தில் காளான் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

அங்கமுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். குப்பாயி சொல்லிக்கொடுத்தபடியே குடையின் அடியில் மடிப்பெல்லாம் வெள்ளை. முகர்ந்தும் பார்த்தார். சந்தேகமே இல்லை.

ஒரு கொத்தில் மட்டும் மடிப்பு லேசாகப் பழுப்பேறியிருந்தது.

மழைத்தண்ணீர் பட்டதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அதையும் கூடையில் போட்டார்.

குழம்பு கொதிக்கும்போது அந்தப் பழுப்பு ஞாபகம் வந்தது. கரண்டியை விட்டுத் துழாவினார். மசாலாவில் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டிருந்தது.

குப்பாயி வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் நல்லதுதானுங்களாண்ணா?"

"நல்லதுதானுங்க."

சொல்லிக்கொண்டே அவள் தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினார்.

அவள் சோற்றைப் பிசைந்தாள். அங்கமுத்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுக் காளான் சோற்றுக்குள் மறைந்தது. அதுவா, வேறா?

கவளம் வாயருகே போனது.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அம்மணி! ஒரு கொத்து... மடிப்பு பழுப்பா இருந்துச்சு. எனக்குச் சரியாத் தெரியல."

குப்பாயி தட்டிலிருந்த சோற்றையும் சட்டியிலேயே வழித்துப் போட்டாள். சட்டியைக் கொல்லைக்கு எடுத்துப் போய்க் குழி தோண்டிக் கொட்டினாள். கோழி கிளறாதபடி மேலே ஒரு கல்லையும் வைத்தாள்.

திரும்பி வந்து இருவருக்கும் புதிதாகச் சோறு போட்டு மோர் ஊற்றினாள்.

அங்கமுத்து சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

"அது விஷந்தானுங்களா?"

"இல்லீங்கண்ணா. காலையிலயே போய் அந்த மரத்தைச் சுத்திப் பார்த்துட்டுத்தான் உங்களை அனுப்புனேன். அந்தக் கொத்து கொஞ்சம் முத்திப் போச்சு, அவ்வளவுதான். அத்தனையும் நல்ல காளான்."

அவர் அவளையே வெறித்தார்.

"அப்புறம் எதுக்குங்க கொட்டினீங்க?"

"உங்களுக்கு அது தெரியாதுங்களே."