முரசுக்காரன் கொட்டிய ‘ம்’

ஒரு ஊரையே தூங்க வைத்தவன் நான். மந்திரவாதி சொன்னதை நான் சொன்னேன். நான் சொன்னதை ஊர் நம்பியது. அதுதான் தப்பு.

இனிக் கதை. குறுக்கே பேசாதீர்கள். இல்லை, பேசுங்கள். பேசுவதுதான் நல்லது.

மலைகளெல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம். ஏழுவாசல் பட்டணம் என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே ராஜாவின் முரசுக்காரன் நான். முப்பது வருஷம் முரசு அடித்தேன். ஒரு பொய் சொன்னதில்லை. நாளைக்கு மடை திறக்கும் என்பேன், திறக்கும். யானை வருது என்பேன், வரும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். நான் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கேட்டாச்சு என்று அர்த்தம். குயவர் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி மட்டும் கொட்டமாட்டாள்.

“யானை வருது, ஒதுங்கு!”

“எந்தப் பக்கம் வருது?”

“கேள்வி கேக்காதே. ம் சொல்லு.”

“பக்கம் தெரியாம எந்தப் பக்கமுங்க ஒதுங்குறது?”

ஊர் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுச்சந்தையில் அவளை வெயிலில் நிற்க வைத்தேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

ஒரு நாள் உச்சிப்பொழுது. கோட்டை மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். மந்திரவாதி என்றதும் கண்ணில் நெருப்பு, கையில் மண்டையோடு என்று நினைப்பீர்கள். அதெல்லாம் கிடையாது. ஒல்லியான ஆள், மெல்லிய குரல். மெல்லொலியான் என்று பெயர். நான் மூச்சை இழுத்தால் அவனும் இழுத்தான். நான் விட்டால் அவனும் விட்டான். நான் காலை நீட்டினால் அவனும் நீட்டினான். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கக்கேடு.

நூலில் கோத்த சிவப்பு மணி ஒன்றை என் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து ஆட்டினான்.

“அண்ணே, வெயில் சுடுதா?”

“ம்.”

“முதுகு மதில்ல சாஞ்சிருக்கா?”

“ம்.”

“மணி ஆடுதா?”

“ம்.”

“கண்ணு கனக்குது.”

மூன்றும் நிஜம். நாலாவது அவன் இட்டுக்கட்டியது. ஆனால் வாய் பழகிவிட்டதே. “ம்” என்றேன். கனத்தது.

“கை பஞ்சாகுது, மேலே போகுது.” ம். போனது. “பத்துப் படி இறங்குறே. படிக்குப் படி தூக்கம்.” ம். இறங்கினேன். கடைசிப் படியில் அவன் குரலைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தக் குரல் சந்தைக்குப் போகச் சொன்னது. போனேன். மூச்சு விடுகிற வேகத்தில், மெதுவாக, முரசை அடித்தேன்.

“சந்தை கூடியிருக்கு!”

“ம்!”

“வெயில் ஏறியிருக்கு!”

“ம்!”

“முரசு கேக்குது!”

“ம்!”

“உங்க கண்ணு கனக்குது.”

“ம்.”

வெங்காயம் நிறுத்தவன் தராசோடு நின்றான். சந்தை பார்க்க வந்த ராஜா செங்கோலோடு நின்றார். என் பெண்டாட்டி முத்தக்காள் கீரைக்கட்டோடு நின்றாள்.

“கரும்பாறைக் குகைக்கு நடங்க” என்றேன். நடந்தார்கள். அந்தக் குகைக்குள் கால் வைத்தவர் கல்தூணாகிவிடுவார். மெல்லொலியான் மாளிகை கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தூண் வேண்டியிருந்தது.

ம் கொட்டாதவள் ஒருத்திதானே? அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். கூடவே வந்த மெல்லொலியான் அவளையும் விடவில்லை. எல்லாம் என் காதில் விழுந்தது; புத்தியில் ஏறவில்லை.

“தங்கச்சி, வெயில் சுடுதா?”

“ஏன், உங்களுக்குச் சுடலையா?”

“கால் வலிக்குதா?”

“என் காலைப் பத்தி உங்களுக்கு என்ன?”

அவனை விட்டுவிட்டு அவள் என் முன்னால் வந்து மறித்தாள்.

“முரசுக்காரரே, இது முரசு இல்லை, பூசணிக்காய்.”

“ம்.”

“உங்க மீசை எலிவால்.”

“ம்.”

முத்தக்காள் குகை வாசலை நெருங்கிவிட்டாள்.

“முப்பது வருஷமா நீங்க சொன்னது அத்தனையும் பொய்!”

‘ம்’ தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது.

“இல்லை!” என்று கத்தினேன். விழித்துக்கொண்டேன்.

“இல்லைதான். இன்னைக்குச் சொன்னது மட்டும்தான் பொய். அதைச் சொல்லுங்க, சீக்கிரம்!”

பொய் சொன்னேன் என்று முரசுக்காரன் தன் வாயால் எப்படிச் சொல்வான்? தயங்கினேன். அதற்குள் வெங்காயக்காரன் வாசலைத் தாண்டினான். வலது கால் கல்லாயிற்று.

பிறகுதான் முரசை அடித்தேன். “நான் சொன்னது பொய்! பொய்! பொய்!”

யாரும் நடையை நிறுத்தவில்லை. அவள்தான் உரக்கக் கேட்டாள். “எது பொய்?”

“கண்ணு கனக்கலை! குகைக்கு நடங்கன்னதும் பொய்!”

முத்தக்காள் திரும்பினாள். “அப்புறம் எங்கேய்யா எங்களை இழுத்துக்கிட்டுப் போறே?”

“என் கால் என்ன ஆச்சு?” என்றான் வெங்காயக்காரன். “யார் நம்மை நடக்கச் சொன்னது?” என்றார் ராஜா. கேள்வி மேல் கேள்வி. மெல்லொலியானுக்கு ‘ம்’தான் சோறு. அது நின்றதும் ஆள் சுருங்கினான். முழ உயரம், சாண் உயரம், விரல் உயரம். அப்புறம் காணோம். கல்லான கால் காலாயிற்று.

ஊர் என்னைத் தோளில் தூக்கியது. ராஜா முத்துமாலை போட்டார். “ஊரைக் காப்பாற்றியது நீதானே?” என்றார்.

“ம்” என்றேன்.

அப்போது மணியும் இல்லை, மந்திரமும் இல்லை. நானாகக் கொட்டிய ம்.

மூன்று நாள் மாலையோடு திரிந்தேன். மூன்று நாளும் அவள் எதிரே வந்தாள். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பவள், இதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ஏழு வாசலிலும் முரசடித்து உண்மையைச் சொன்னேன். ராஜா மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். இனி அவள் கேள்வி கேட்டு முடித்த பிறகுதான் ஊர் எதையும் நம்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டார். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று முரசடித்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஊரைக் காப்பாற்றியது நான் இல்லை. குயவர் தெரு குருவம்மா.