சுண்டானுக்குக் காது எட்டவில்லை

பிள்ளைகளா, வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட முடியுமா உங்களால்?

தேக்கங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர அதுதான் பரீட்சை. கை எட்டினால் படிக்கிற வயது வந்துவிட்டது. எட்டாவிட்டால், "அடுத்த வருஷம் வா" என்று கரடி வாத்தியார் அனுப்பிவிடுவார். யானைக்குட்டி தும்பிக்கையால் தொட்டுச் சேர்ந்தது. முயல்குட்டி, காதையே இழுத்துக் கைக்குக் கொண்டுவந்து சேர்ந்தது.

அடுத்து வந்தான் சுண்டான் என்ற குரங்குக்குட்டி. பள்ளிக்கூடம் என்றாலே அவனுக்குப் பயம். இடது கையால் அம்மாவின் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்கே, தொடு பார்ப்போம்" என்றார் வாத்தியார்.

சுண்டான் வலது கையைத் தூக்கினான். உச்சந்தலையோடு நிறுத்திக்கொண்டான்.

"எட்டல சார்!"

"அடப்பாவி!" என்றாள் அம்மா. "காலையிலதானே அடுத்த கிளைக்குக் கையை நீட்டி என் மாம்பழத்தைப் பறிச்சே?"

"அது மாம்பழம்மா. இது காது."

"மாம்பழத்துக்கு நீளும், பள்ளிக்கூடத்துக்குச் சுருங்குமா? இதென்ன கையா, ஆமைத் தலையா?"

வாத்தியார் தாடையைச் சொறிந்தார். "விடுங்கம்மா. எட்டலைன்னா எட்டல. கூட்டிட்டுப் போங்க."

சுண்டானுக்கு ஒரே குஷி!

வாத்தியாரோ, மேலே கிளையில் இருந்த அணிலைப் பார்த்துக் கண்ணடித்தார். அணில் சத்தமில்லாமல் வாலைத் தொங்கவிட்டு, சுண்டானின் இடது காதுக்குள் ஒரு குடை குடைந்தது.

ஐயோ, அரிப்பு! இடது கை அம்மாவின் வாலில். பயத்தில் அதை விட மனசில்லை. வலது கை தலையைத் தாண்டிப் பாய்ந்து, இடது காதை வறட்டு வறட்டென்று சொறிந்தது.

"எட்டிருச்சு! எட்டிருச்சு!" என்று பள்ளிக்கூடமே கத்தியது.

சுண்டான் ஓவென்று அழுதான். "எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். நீங்க கேள்வி கேட்பீங்க, நான் முழிப்பேன், எல்லாரும் சிரிப்பாங்க. பயமா இருக்கு!"

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா?" என்றார் வாத்தியார். "எல்லாம் தெரிஞ்சவன் வந்தா எனக்கு இங்கே என்ன வேலை? தெரியாதுன்னு சொல்லு, சொல்லித் தர்றேன். சிரிக்கிறவனை நான் பார்த்துக்கறேன்."

அழுகைக்கு நடுவே சுண்டானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலை விட்டான். முயலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், அம்மா இன்னும் வேலியோரம் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்!

"அம்மா, நீ வீட்டுக்குப் போயேன்!" என்று சுண்டான் கெஞ்சினான். "எல்லாரும் பார்க்கிறாங்க, எனக்கு வெட்கமா இருக்கு!"

நீதி: பயத்தை மறைக்கப் பாடுபடாதே, "பயமா இருக்கு" என்று சொல்லிவிடு, பாதி போய்விடும்.