உட்புறத்துப் பெயர்

போரிலிருந்து மிஞ்சி வந்த பொருள் எது, போன மாதம் பட்டறையில் பிறந்துவிட்டு வயதைக் கூட்டிச் சொல்லும் பொருள் எது என்று பார்த்துச் சொல்பவர் ஒருவர் தொண்ணூறுகளில் வேலூரில் இருந்தார். பெயர் ஜெயசீலி. நாற்பது வயது. அவருடைய சீடர் அரங்கநாதனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆசை ஆசையாகச் சேர்த்த ராணுவப் பதக்கங்களைக் கொண்டுவந்து காட்டினார். அத்தனையும் போலி என்று ஜெயசீலி சொன்னார். அன்றைக்கே அரங்கநாதன் அவரிடம் மாணவராகச் சேர்ந்துவிட்டார். அவர் ஜெயசீலியை ‘டீச்சர்’ என்பார். ஜெயசீலி அவரை ‘ஐயா’ என்பார்.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் ஏகாம்பரம் என்ற லாரி டிரைவர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால், பட்டாளத்தில் சோறு வாங்கித் தின்னும் அலுமினிய டின்.

“எங்கப்பா பர்மா சண்டைக்குப் போனாருங்க. அப்போ நான் எங்கம்மா வயித்துல. ஆளைக் காணோம்னு தந்தி வந்திச்சு. அத்தோட சரி. ஒரு போட்டோ கூட கெடையாது. வருசா வருசம் அமாவாசைக்கு இலை போட்டு, பேரைச் சொல்லிக் கூப்புடறேன். அவரோட பொருள் ஏதாச்சும் கெடைக்குமான்னு நான் தேடறது ஊருக்கே தெரியும். ஒரு யாவாரி இதைக் கொண்டாந்து குடுத்தாரு. எங்கப்பா பேரு வெட்டியிருக்குது. நாளைக்கு இதுலயே அவருக்குச் சோறு வைக்கலாமுங்களா?”

டின்னின் வெளிப்பக்கத்தில், பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுப்பது போலப் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் இருந்தது. வெள்ளையன்.

ஜெயசீலி சீடரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க ஐயா.”

அரங்கநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“போலி, டீச்சர்.”

“எப்படி?”

“இந்த ‘ளை’யைப் பாருங்க. அந்தக் காலத்துல எழுத்தோட தலையில யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி போட்டுத்தான் எழுதுவாங்க. இப்படி முன்னாடி தனியா இணைக்கொம்பு வச்சு எழுதறது எழுபத்தெட்டுல எழுத்தைச் சீர்திருத்தின பிறகு வந்தது. நானே பசங்களுக்கு ரெண்டு விதமாவும் சொல்லிக் குடுத்திருக்கேன். பர்மாவுல சண்டை போட்டவர் டின்னுல இந்த ‘ளை’ இருக்க வழியே இல்ல.”

“ரொம்பச் சரி. பேரு போலி,” என்றார் ஜெயசீலி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏகாம்பரம் துண்டை மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே மறுபடியும் மடித்தார்.

“பேரை மட்டும்தாங்க சொன்னேன்,” என்றார் ஜெயசீலி. “ஐயா, கண்ணை மூடிக்கிட்டு உள்ள கையை விடுங்க.”

அரங்கநாதன் விரலை உள்ளே ஓட்டினார். வெளியே உளி குத்திய இடமெல்லாம் உள்ளே புடைத்துக்கொண்டிருந்தது.

“குத்துது, டீச்சர்.”

“அது புதுப் பேரு. எதிர்ப்பக்கம் வாங்க.”

விரல் சுற்றிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது.

“இங்கயும் இருக்கு! ஆனா குத்தல. வழவழன்னு இருக்கு.”

அவர் அவசரமாக டின்னைத் திருப்பிப் பார்த்தார். வெளியே அந்த இடத்தில் எழுத்தே இல்லை. அரம் போட்டு ராவியிருந்தார்கள்.

“வெளிய ராவினவன் உள்பக்கத்தை மறந்துட்டான்,” என்றார் ஜெயசீலி. “அடியில இருக்கற பட்டாள முத்திரையை எவனும் அடிச்சிடலாம். இது அப்படியில்ல. சோறு பிசையற விரல் பட்டுப் பட்டு மழுங்கின புள்ளி, ஐயா. தன் பேரைத் தானே தேய்ச்சிருக்காரு.”

அரங்கநாதன் மறுபடியும் அந்த இடத்தைத் தொட்டார். யாரோ ஒருவர் காட்டுக்குள் பசியோடு விரல் வைத்த இடத்தில் இப்போது தன் விரல் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. பதக்கங்களை அவர் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறார், ஒருநாளும் இப்படி இருந்ததில்லை.

ஜெயசீலி டின்னுக்குள் ஒரு பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். கண்ணாடியில் தெரிவது போல எழுத்துகள் இடம் வலம் மாறி வந்தன. தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“படிங்க ஐயா. சத்தமா.”

நடுவில் ஒரு ‘னை’ துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“பொன்னையா,” என்றார் அரங்கநாதன்.

வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துப் பழகிய குரல். அவரையும் மீறி அப்படித்தான் வந்தது. கூப்பிட்டுவிட்டு, வழக்கம் போல நிறுத்தினார். மூன்று பேருமே பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

கடைசியில் ஏகாம்பரம்தான் வாய் திறந்தார். “எங்கப்பா இல்ல.”

“இல்லீங்க.”

“யாருங்க இவரு?”

“தெரியாது. சண்டைக்குப் போனவரு. இதுல சாப்பிட்டவரு. அதுக்கு மேல டின்னு சொல்லல.”

அரங்கநாதன் தாழ்ந்த குரலில் கேட்டார். “அப்போ இதை அசல்னு சொல்றதா, போலின்னு சொல்றதா, டீச்சர்?”

ஜெயசீலி டின்னை ஏகாம்பரத்திடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“எனக்கு எதுக்குங்க இது? நாளைக்கு இதுல சோத்தை வச்சிட்டு நான் யாரைக் கூப்புடுவேன்?”

“உங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட நீங்க இருக்கீங்க,” என்றார் ஜெயசீலி. “இவரு பேரை ராவிட்டாங்களே.”

ஏகாம்பரம் மடித்து வைத்திருந்த துண்டை விரித்து, டின்னை வாங்கிக்கொள்ள இரண்டு கையிலும் ஏந்தினார்.