எல்லோரும் சாப்பிட்டேன் என்றார்கள்

ஆய்வுச் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் அடக்குவதற்குள் புனிதவதி பட்ட பாடு சொல்லி மாளாது. இரண்டு பிள்ளை பெற்றபோதுகூட இவ்வளவு கஷ்டப்படவில்லை என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பாள்.

தென்காசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நர்ஸ். தலை நரைத்த பிறகுதான் மேல்படிப்பு வாய்த்தது. வழிகாட்டியாக வந்த பேராசிரியை வான்மதி வயதில் சின்னவள். ஆனாலும் அவள் எதிரில் உட்கார புனிதவதிக்குத் தயக்கம்.

"உட்காருங்க அக்கா."

"இருக்கட்டும் மேடம்."

"நீங்க நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது."

உட்கார்ந்தாள்.

வீடு திரும்பிய இதய நோயாளிகள் நாளடைவில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை நர்ஸ் போனில் விசாரித்தால் விடாமல் சாப்பிடுவார்களா? இதுதான் ஆய்வு. அவளேதான் கூப்பிட்டாள். ஒவ்வொருவரைக் கூப்பிடும் முன்னும் அவர்களுக்காகச் சாமியை வேண்டிக்கொள்வாள். அத்தனை பேரும் ஒழுங்காகச் சாப்பிடுவதாகவே சொன்னார்கள்.

அன்று மாலைக்குள் சுருக்கத்தை மாநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மாநாட்டில் படித்தால்தான் பட்டம்; தவறினால் படிப்பு இன்னொரு வருஷம் இழுக்கும். ஆஸ்பத்திரியில் இனி லீவு கிடையாது.

வான்மதி படித்து முடித்தாள்.

"நல்லா வந்திருக்கு. ஆரம்பத்துல இருந்த ஒருத்தர் முடிவுல இல்லையே?"

"ஆவுடையம்மா, மேடம். பாதியில தவறிட்டதா ஆஸ்பத்திரியில சொன்னாங்க. பாதியில நின்னவங்களைச் சேர்க்க வேண்டாம்னு விதி இருக்கே."

"இருக்கு. அவங்க வீட்டுல பேசினீங்களா?"

"அவங்களே இல்லையே மேடம். யார்கிட்ட என்ன கேட்க?"

"இப்பப் பேசுங்க" என்றாள் வான்மதி.

புனிதவதி கூப்பிட்டாள். ஆவுடையம்மாவின் கணவர் சங்கரபாண்டிதான் எடுத்தார்.

"நர்ஸம்மாவா? நல்லா இருக்கியளா? படிப்பு முடிஞ்சிட்டா?"

விசாரிக்க வேண்டியவள் இவள். அவரல்லவா விசாரிக்கிறார்!

"முடியப் போகுது ஐயா. அம்மா தவறினது தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

"அதுக்கென்னம்மா. உங்க போன் வார அன்னைக்குக் காலையிலயே தலை சீவி உட்காந்திருவா. போன்ல உன் தலையா தெரியப் போவுது, கிறுக்கின்னு வைவேன்."

"மாத்திரை எல்லாம் ஒழுங்காத்தானே சாப்பிட்டாங்க ஐயா?"

"எங்கம்மா சாப்பிட்டா? அந்த நீர் மாத்திரையப் போட்டா அடிக்கடி ஒதுங்கப் போவணும். முழங்கால் வலியோட ஓடைக்கரைக்கு எத்தன தடவ நடப்பா? அட்டை அட்டையா அப்படியே கெடக்கு."

"என்கிட்ட சாப்பிட்டேன்னுதானே சொன்னாங்க!"

"சொல்லுவா. நான் சண்டைகூடப் போட்டேன். 'அந்தப் பிள்ளை இந்த வயசுல படிக்குது. சாப்பிடலன்னு சொன்னா அதுக்கு மார்க்கு கொறஞ்சிராதா? நீங்க சும்மா இருங்க'ன்னுட்டா."

போனை வைத்த புனிதவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வான்மதி அவளை அழவிட்டாள்.

"மேடம், அப்ப மத்தவங்களும்...?"

"தெரியலை அக்கா."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வீடு வீடாப் போய்த்தான் பார்க்கணும்."

"சாயங்காலத்துக்குள்ள முடியாதே."

"முடியாது."

எதிரில் அந்த ஒரு பக்கம் கிடந்தது. அத்தனை பேரும் மாத்திரை சாப்பிட்டார்கள், இந்த முறை பலன் தந்தது என்று அழகாக முடிந்திருந்தது. புனிதவதி அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க சொன்னதைத்தானே மேடம் எழுதியிருக்கேன்? நானா ஒரு வார்த்தை கூட்டலையே. இப்படியே அனுப்பினா யாருக்குத் தெரியப் போகுது?"

வான்மதி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க படிப்புக்காக அந்தம்மா சொன்ன பொய்யே போதும், அக்கா."