அசையாப்பட்டிக்கு வந்த கம்ப்யூட்டர் பூகம்பம்

அசையாப்பட்டியில் ஆடு கத்தும், மாடு கத்தும், பஞ்சாயத்துக் கூட்டம் என்றால் மனிதர்களும் கத்துவார்கள். பூமி மட்டும் மூச்சுக் காட்டியதில்லை. அதனால்தான் நில அதிர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைத் தேடிக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். அதிர்கிற ஊரில் வைத்தால் கட்டடம் விழுந்துவிடாதா?

நிலையத்தில் நாலே நாலு பேர். தலைவர் சடகோபன் எதைச் சொல்லுமுன்பும் தொண்டையைச் செருமிக்கொள்வார். செருமிவிட்டுச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற மூவருக்கும் நம்பிக்கை. அவருக்கு அடுத்து அம்பலவாணன், அடுத்து தெய்வானை. கடைசியாக நம் சவரிமுத்து. சவரிமுத்து சொன்னதைச் செய்கிறவர். சொன்னதை மட்டுமே செய்கிறவர். ஓர் எழுத்துகூட விட்டுப்போகக் கூடாது என்று சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார்.

பதினோரு வருஷமாக ஓர் அதிர்ச்சியும் பதிவாகாத அந்த நிலையத்துக்கு ஒரு திங்கட்கிழமை தபாலில் அதிர்ச்சி வந்தது. தலைமை அலுவலகத்துக் கடிதம். நாலு பேருக்கும் பத்து நாள் கூட்டுப் பயிற்சியாம். பத்தாம் நாள் இயக்குநர் நேரிலே வருவாராம். கம்ப்யூட்டர் திரையில் ஓர் அதிர்ச்சி அலையாவது ஓடிக் காட்டாவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு, நாலு பேரையும் மாட்டுத்தீவன ஆராய்ச்சிக்கு மாற்றிவிடுவார்களாம்.

சவரிமுத்து 'மாட்டுத்தீவனம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் படித்தார். எதிரே மாடு வந்தால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிற ஆள் அவர்.

பயிற்சி கொடுக்க சென்னையிலிருந்து நசீமா மேடம் வந்தார். கெட்டிக்காரி. பொறுமைசாலியும்கூட. இதில் இரண்டாவது குணம் நாலாம் நாளோடு தீர்ந்துபோனது.

"இது கூட்டுப் பயிற்சி," என்றார் முதல் நாள். "தனித்தனியா யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். எதுவா இருந்தாலும் நாலு பேரும் சேர்ந்தே செய்யுங்க."

சவரிமுத்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்த நாலு விரல் சேர்ந்து போயின. மூன்றாம் நாள் அம்பலவாணனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. நாலு பேரும் பல் டாக்டரிடம் போய் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள்.

"யாருக்கு வலி?" என்று கேட்டார் டாக்டர்.

சடகோபன் செருமினார். "வலி இவருக்கு மட்டும். பயிற்சி எல்லாருக்கும்."

டாக்டர் ஒரு பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பிவிட்டார். மூன்று பல் பாக்கி என்று சவரிமுத்து மனம் நொந்து மேடத்திடம் சொன்னார். மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "பரவாயில்லை," என்றார்.

மறுநாள் மேடம் ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். "அலை எப்படிப் போகுதுன்னு கணக்குப் போட, ஊரைக் கட்டம் கட்டமா பிரிக்கணும். கட்டம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு துல்லியம்." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கடைத்தெரு முழுக்கச் சுண்ணாம்புத் தூளில் கட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் தபால் ஆபீஸ் வரைக்கும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுத்தெருவில் நாலு பேரும் ஒரு கோழியைச் சுற்றி நின்று ஆலோசனை செய்துகொண்டிருந்தார்கள்.

"கோழி ரெண்டு கட்டத்துல நிக்குது சார்," என்றார் தெய்வானை.

"தலை எதுல?"

"தலை முப்பத்திமூணுல. வால் முப்பத்திநாலுல."

"அப்ப இதை எந்தக் கணக்குல சேர்க்கறது?" என்றார் அம்பலவாணன்.

சடகோபன் செருமினார். "கட்டம் பெரிசா போச்சு, அதான் தகராறு. இன்னும் சின்னதா போடுங்க. தலை, கழுத்து, காலுன்னு கோழியைத் தனித்தனியா பிரிச்சுடலாம்."

கோழிக்குத் தமிழ் தெரியும்போல. ஓடிவிட்டது.

"கட்டம் கம்ப்யூட்டருக்குள்ள போடணும்!" என்றார் மேடம்.

"அதை நீங்க சொல்லலையே மேடம்," என்று சவரிமுத்து பணிவாக நோட்டை நீட்டினார். மேடம் வாங்கிப் பார்த்தார். உண்மைதான், சொல்லவில்லை.

ஆகவே அடுத்த பாடத்தில் அவர் உஷாராக இருந்தார். "அலை படத்தோட ஓரத்துல மோதி, திரும்பி வந்துடக் கூடாது. வந்தா கணக்கு கெட்டுடும். அதனால ஓரத்துல அலையை உறிஞ்சிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு வேணும். எங்கே? கம்ப்யூட்டருக்குள்ள!" மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

எது நன்றாக உறிஞ்சும் என்று அன்று மாலை ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பஞ்சு என்றார் தெய்வானை. பழைய வேட்டி என்றார் அம்பலவாணன். ஆராய்ச்சி நிலையத்தில் வாய்வார்த்தைக்கு இடமில்லை என்று சடகோபன் மூன்று கிளாஸ் டீ வரவழைத்தார். ஒன்றில் பஞ்சு, ஒன்றில் வேட்டி, ஒன்றில் டீக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த ரஸ்க். ரஸ்க் அரை கிளாஸ் டீயைக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்பதுபோல நின்றது. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே நாலு ஓரத்திலும் ரஸ்க் அடுக்கித் திருகாணி போட்டார்கள். விடியும்போது எறும்பு சாரி சாரியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவில்லை.

மேடம் திட்டவில்லை. திட்டினால் அதையும் சவரிமுத்து எழுதிக்கொள்வாரே. சொந்த லேப்டாப்பை எடுத்து வைத்து, மிச்ச நாளெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தானே முடித்தார். பத்தாம் நாள் காலையில் இயக்குநரை அழைத்துவர ஜங்ஷனுக்குப் புறப்படும்போது சவரிமுத்துவிடம் சொன்னார்:

"இந்த ஒரு பொத்தானை அழுத்துங்க. ஏரிக்கு அடியில பூகம்பம் ஆரம்பிக்கும். அலை ஊரைத் தொட மூணு மணி நேரம் ஆகும். என்ன ஆனாலும் நடுவுல நிறுத்தாதீங்க."

நாலு விரல் சேர்ந்து அழுத்தின. திரையில் ஏரி நடுவே சிவப்பாக ஒரு வட்டம் தோன்றி, கல் விழுந்த குளம்போல விரிந்தது. அலை! சவரிமுத்துவுக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. இனி மாட்டுத்தீவனம் இல்லை. சந்தோஷத்தில் நோட்டை எடுத்து, மேடம் சொன்னதை இன்னொரு தரம் படித்தார். படித்ததும் உச்சந்தலை மயிர் நட்டுக்கொண்டது.

"சார்... ஏரிக்கு அடியில பூகம்பம் ஆரம்பிக்கும்னு சொல்லியிருக்காங்க. ஊரைத் தொட மூணே மணி நேரம்தானாம்!"

எல்லாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். ஏரி அமைதியாகக் கிடந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

"கொக்குக்கு இன்னும் தகவல் போகலை," என்றார் அம்பலவாணன்.

"நிறுத்திடலாமா?" என்றார் தெய்வானை.

"நிறுத்தாதீங்கன்னு எழுதியிருக்கு," என்றார் சவரிமுத்து.

மேடத்தை போனில் கேட்கலாம் என்று முடிவாயிற்று. நாலு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் போனிலிருந்து கூப்பிட்டதில் நாலு பேருக்கும் லைன் கிடைக்கவில்லை.

பிறகு என்ன, மைக் செட் கட்டிய ஆட்டோவில் சவரிமுத்துவே ஏறிக்கொண்டார். "பெரியோர்களே, தாய்மார்களே! பூகம்பம் ஏரியிலிருந்து புறப்பட்டுவிட்டது!" பதினோரு மணிக்குள் ஊர் மொத்தமும் ஆடு, கோழி, டிவி சகிதம் சந்தை மைதானத்தில் குவிந்துவிட்டது. சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம் இட்லி மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். மாமியார் சலேத்தம்மாள்தான் வர மறுத்துவிட்டாள். "வர்றவங்க வரட்டும். நான் எங்கயும் வரலை," என்றாளாம்.

சவரிமுத்து நிலையத்துக்குத் திரும்பியபோது திரையில் சிவப்பு வட்டம் ஊர் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தெய்வானைக்கு ஒரு யோசனை உதித்தது.

"சார், பூகம்பம் எங்க இருக்கு?"

"லேப்டாப்புல."

"லேப்டாப் எங்க இருக்கு?"

"நம்ம ஊர்ல."

"அதை ஊரைவிட்டு எடுத்துட்டுப் போயிட்டா?"

சடகோபன் செருமக்கூட மறந்துபோனார். அடுத்த நிமிஷம் மைக் செட் ஆட்டோ அடுத்த ஊரான வெள்ளக்கரையை நோக்கிப் பறந்தது. லேப்டாப் சவரிமுத்துவின் மடியில் இருந்தது. அடியில் சூடு ஏற ஏற, உள்ளே விசிறி 'உய்ய்' என்றது. "கொதிக்குது சார், கிளம்பப் போகுது," என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார்.

வெள்ளக்கரை எல்லையில் இருபது பேர் கம்போடு நின்றார்கள். மைக் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

"உங்க ஊர் பூகம்பத்தை எங்க ஊர்ல கொண்டாந்து கொட்டவா பார்க்கறீங்க?"

"கொட்டலீங்க, சும்மா கடந்து போறோம்," என்றார் சவரிமுத்து.

"நாங்க என்னிக்காவது உங்க ஊர்ப்பக்கம் பூகம்பம் கொண்டாந்திருக்கமா? மரியாதையா திருப்புங்க!"

நியாயமான கேள்வி. முன்னே போக வழியில்லை, பின்னே போக மனமில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே தார் ரோட்டில் லேப்டாப்பை வைத்துவிட்டு நாலு பேரும் குப்புறப் படுத்தார்கள். சவரிமுத்து காதைப் பொத்திக்கொண்டு அந்தோணியாரை வேண்டினார். திரையில் சிவப்பு ஊரைத் தொட்டது, பரவியது, அடங்கியது. லேப்டாப் 'டிங்' என்றது.

நிலையத்தில் ஆளைக் காணாமல் தேடிக்கொண்டு வந்த ஜீப் அந்தச் சமயம் பார்த்து வந்து நின்றது. இறங்கியவர் இயக்குநர். பின்னாலேயே நசீமா மேடம்.

இயக்குநர் குனிந்து திரையைப் பார்த்தார். "அலை தெளிவா வந்திருக்கே! ஊருக்குள்ள ஒரு சனத்தையும் காணோம், எங்க எல்லாரும்?"

"மைதானத்துல சார். நாங்கதான் வெளியேத்தினோம்," என்றார் சடகோபன், படுத்தவாக்கிலேயே.

"அடடே, பாதுகாப்பு ஒத்திகையும் சேர்த்தேவா! தரையோட படுத்துச் செஞ்சு வேற காட்டறீங்க! இந்த நிலையத்தை மூடறதா? பேச்சே இல்லை!" 

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாலு மணிக்குச் சென்னை ரயில் இருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

சவரிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜீப்பில் திரும்பும்போது ஆசையாகத் திரையை இன்னொரு தரம் பார்த்தார். ஓர் இடம் மட்டும் கருஞ்சிவப்பாக இருந்தது. அந்தோணியார் கோயில் தெரு. அவர் வீடு.

"மேடம், இந்த நிறம் எதுக்கு?"

"அதுவா? அங்க இருக்கற வீடு முழுசா இடிஞ்சிடும். உள்ள ஒண்ணும் மிஞ்சாது," என்றார் மேடம் கடிகாரத்தைப் பார்த்தபடி.

"ஐயோ, அத்தை!" என்று சவரிமுத்து ஓடும் ஜீப்பிலிருந்தே குதிக்கப் போனார்.

நாலு பேரும் கடப்பாரை, கயிறு சகிதம் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். கூடத்தில் சலேத்தம்மாள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பயப்படாதீங்க, வந்துட்டோம்!"

"வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா?"

"பேசாதீங்க அத்தை, மூச்சு வாங்கும். வீடு உங்க மேல இடிஞ்சு கிடக்கு."

சலேத்தம்மாள் அண்ணாந்து பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "எங்க?"

சடகோபன் செருமினார். "அம்மா, இடிபாட்டுல மாட்டினவங்க இப்படி நிமிர்ந்து உட்கார முடியாது. தயவுசெஞ்சு படுங்க. நாங்க வெளியே எடுக்கணும்."

சலேத்தம்மாள் மருமகன் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கியிருந்தது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தாள். நாலு பேரும் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுப் புங்கமர நிழலில் இறக்கினார்கள். உயிரோடு கிடைத்தாளே என்று சவரிமுத்து தேம்பினார்.

மரத்தடி காற்று சலேத்தம்மாளுக்கு நன்றாக இருந்தது. நாலு ஆண்டாக வீட்டைக் காலி செய்து வெள்ளையடிக்கச் சொல்லி மருமகனிடம் அவள் மன்றாடிக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"ஐயையோ மாப்பிள்ளை, என் வெத்தலைப் பெட்டி உள்ள மாட்டிக்கிச்சே!"

ஓடிப்போய் மீட்டு வந்தார்கள்.

"கிரைண்டர்?"

மீட்டார்கள். பிறகு அரிசி டிரம், கட்டில், துணி பீரோ. பீரோ நிலைப்படியில் சிக்கிக்கொண்டதும், "இடிபாடு அழுத்துது, மெதுவா!" என்று சடகோபன் கத்தினார். கடைசியாக மின்விசிறியையும் கழற்றி வந்தார்கள். அப்புறம் சலேத்தம்மாள், "ஒட்டடையும் உள்ள தனியா கிடந்து தவிக்குது," என்றாள். அதையும் மூலை மூலையாகத் தேடி, பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள்.

வெயில் சாயும்போது வேலை முடிந்தது. சவரிமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டின் நடுவே நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு சுவரைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடியும் தேம்பினார்.

சடகோபன் அவர் தோளில் கை வைத்தார். செருமினார். காலி வீட்டில் அது எதிரொலித்தது.

"மனசைத் தேத்திக்கப்பா. மேடம் கணக்கு எங்கயாவது தப்புமா? உள்ள ஒண்ணும் மிஞ்சாதுன்னாங்க, மிஞ்சலை பாரு."