டிரைவரும் டேட்டாபேஸும் ஒத்துப்போன நாள்

நாமக்கல்லில் ஒரு மாடியறையில் மூன்று பேர் மென்பொருள் எழுதிவந்தார்கள்: காளியண்ணன், சடகோபன், பிலோமினா. மூவரும் நல்லவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள்.

அவர்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் கோழிப்பண்ணை நாச்சிமுத்து. எந்த ஷெட்டுக்கு எப்போது எந்தத் தடுப்பு மருந்து என்று பட்டியல் கொடுப்பதுதான் மென்பொருளின் வேலை. திங்கட்கிழமை டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். மென்பொருள் நின்றுபோனது. டேட்டாபேஸிலிருந்து விவரங்களை எடுத்துவரும் டிரைவர் பழையதாக இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று, இரண்டையும் இணைத்துவைக்கும் ஓஆர்எம் என்ற நிரல் ஒரே பிடிவாதமாகச் சொன்னது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பட்டியல் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நாச்சிமுத்து சொல்லிவிட்டார்.

டிரைவர் எட்டாம் பதிப்பு. டேட்டாபேஸ் ஒன்பதாம் பதிப்பு. காளியண்ணன் டிரைவரை ஒன்பதாக்கினான். அதே நேரத்தில் சடகோபன் டேட்டாபேஸை எட்டாக்கினான். இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தத்தம் தவறைத் திருத்தினார்கள். புதன் மாலைக்குள் பதினோரு முறை திருத்தியாயிற்று.

திருச்செங்கோட்டில் கல்யாணத்துக்குப் போயிருந்த முதலாளி மரகதம் அக்காவை அழைத்தார்கள். ஒருவர் மட்டும் மாற்றுங்கள், மற்றவர் சும்மா இருங்கள் என்றார் அவர். வியாழன் காலை முழுவதும் இருவருமே பெருந்தன்மையாகச் சும்மா இருந்தார்கள்.

மறுபடி அழைத்தபோது பின்னால் மேளச் சத்தம். "கடைசியா எப்ப நல்லா ஓடுச்சோ, அன்னைக்கு இருந்த மாதிரியே எல்லாத்தையும் வைங்க. எல்லாத்தையும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எந்த நாள் என்று விவாதம் நடந்தது. போன வெள்ளிக்கிழமை ஓடியது, ஆனால் மெதுவாக. அதை நன்றாக என்று சொல்ல முடியாது என்றாள் பிலோமினா. ஐப்பசியில் ஒரு நாள் நன்றாக ஓடியது, ஆனால் அன்று சடகோபன் விடுப்பு; பார்க்காததற்கு அவன் எப்படிச் சாட்சி சொல்வான்? மூவரும் ஒப்புக்கொண்ட நாள், மென்பொருளை முதன்முதலாக ஓட்டிக்காட்டிய ஆனி மாதத்து வியாழக்கிழமை.

அன்றைய டிரைவரை வைத்தார்கள். அன்றைய டேட்டாபேஸை, உள்ளிருந்த விவரங்களோடு வைத்தார்கள். கணினியின் தேதியையும் ஆனிக்கு மாற்றினார்கள். அன்று புழுக்கம் என்பதால் மின்விசிறியை ஐந்தில் விட்டு, கார்த்திகைக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காளியண்ணன் தாடியை எடுத்துவிட்டு வந்தான்.

"எனக்கு அப்ப பல்வலி இருந்துச்சு," என்றான் சடகோபன் தயங்கி.

"அக்கா எல்லாத்தையும்னு ரெண்டு தடவை சொன்னாங்க," என்றாள் பிலோமினா.

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். மென்பொருள் ஓடியது.

வெள்ளி பதினோரு மணிக்கு வந்த நாச்சிமுத்து பட்டியலை இரண்டு முறை படித்தார். "ஏனுங்க, நாலு நாள் குஞ்சுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடச் சொல்லுது. அதெல்லாம் இப்ப முட்டை போடுதுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தவறு எங்கே என்று உடனே புரிந்துவிட்டது.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்க," என்றான் காளியண்ணன், அவர் மனம் நோகாதபடி. "உங்க கோழிதானுங்க இன்னும் பழைய பதிப்புக்கு வரலை."

பன்னிரண்டாயிரம் கோழி என்று மட்டும் சொன்னார் நாச்சிமுத்து.

"ஒரேயடியா எல்லாத்தையும் மாத்த வேண்டாங்க," என்று பிலோமினா தேற்றினாள். "முதல்ல ஒரு ஷெட்டை மட்டும் குஞ்சாக்கிப் பாருங்க. சரியா வந்துச்சுன்னா மிச்சத்தை நாளைக்கு மாத்திக்கலாம்."